கவிழ்த்து வைத்த தாள்

விலையை நான் வாயால் சொல்வதில்லை.
தாளில் எழுதி, கவிழ்த்து,
மேசைமேல் தள்ளிவிட்டு
கை கழுவப் போய்விடுவேன்.
இருபத்தாறு வருடத்தில் கற்றது இவ்வளவுதான்.

ஃப்ரெஸ்னோவில் ஆகஸ்ட்.
காலை பத்துக்கே நூற்று நான்கு டிகிரி.
டெல்ஃபினா அரோயோ உட்கார மறுத்து நின்றாள்.
உலர்திராட்சைக் கிடங்கில் இரவு வேலை,
கையுறையின் வளையம் இன்னும் மணிக்கட்டில் சிவந்து.
அவளுடைய வேன் என் தலைக்கு மேலே
வயிறு தெரியத் தொங்கியது.

புகைச் சோதனையில் தோற்ற வண்டி.
சென்சாராகத்தான் இருக்கும், இல்லையா மிஸ்டர் வார்ட்கெஸ்?
எல்லோருக்கும் அது சென்சாராகவே இருக்கவேண்டும்,
எண்பது டாலரோடு விட்டுவிடும்
இரக்கமுள்ள சென்சார்.

ரப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டு.
உள்ளே கலகலத்தது.
கிலுகிலுப்பை.
தேனடைபோல் நெய்த பீங்கான்
பொடிந்து கிடக்கிறது.
மற்றதைத் தட்டினேன்:
சத்தமே இல்லை.
உருகி அடைத்துக்கொண்ட ஊமை.

வினையூக்கிக்குத் தேய்மானம் இல்லை
என்றுதான் பள்ளியில் படித்தோம்.
பக்கத்திலிருப்பதையெல்லாம் மாற்றும், தான் மாறாது.
அந்தப் பாடத்தை எழுதியவர்
எண்ணெய் குடிக்கும் எஞ்சினோடு
பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவர் அல்லர்.

அவள் தாளைப் புரட்டினாள்.
குழாயடியிலிருந்து முதுகை மட்டும் பார்த்தேன்.
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.
முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றினால்?
தோற்கும்.
இரண்டையும் வெட்டிவிட்டு வெறும் குழாய்?
என் உரிமம் போகும், உன் தெரு தூங்காது.
ரீனோவில் மைத்துனன் இருக்கிறான்,
நானூறுக்குக் கிடைக்கிறதாம்...
அதில் கலிஃபோர்னியா முத்திரை இராது.
சோதனைக்காரன் கண்ணாடியைக் கீழே நீட்டி
முதலில் தேடுவதே அதைத்தான்.

உள்ளே பிளாட்டினம் இருக்கிறதாமே, என்றாள் பிறகு.
இருக்கிறது. பல்லேடியம், ரோடியம் கூட.
சிரித்தாள், அன்றைக்கு முதல்முறையாக:
என் கல்யாண மோதிரம் முலாம்.
பால் வாங்கப் போகிறபோதெல்லாம்
பிளாட்டினத்தின்மேல் உட்கார்ந்தா போனேன்?

பழையதற்கு நூற்றறுபது கழித்துக்கொள்கிறேன் என்றேன்.
நூற்றறுபதா, என்றாள்.
அத்தனை உயர்ந்த உலோகம் அத்தனை மெல்லிசாகப் பூசியிருக்கிறது.

இன்னொன்று இருந்தது.
அதை எழுதத் தாளில் இடம் இல்லாததுபோல்
பேனாவை மூடியிருந்தேன்.
வாயால்தான் சொன்னேன், தரையைப் பார்த்து:
கொன்றது எஞ்சின்.
அதைத் தொடாமல் புதியதைப் போட்டால்
அதையும் கொல்லும்.
மூன்று வருடம். குறைவாகவும் இருக்கலாம்.

மூன்று வருடம், என்று அவளும் சொன்னாள்,
கடையில் துணியை இரு விரலால் தேய்த்துப் பார்ப்பவளாக.
ஏழும் மூன்றும் பத்து.
பத்து வயதில் பள்ளிக்கு அவனே நடப்பான்.

பதிவு பத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது.
பேனா கேட்டாள். கொடுத்தேன்.
வேனை இறக்கச் சொல்லி
பின் இருக்கையிலிருந்து
பையனின் உயர இருக்கையை அவிழ்த்தாள்.
ரொட்டித்தூள் கொட்டியது.
அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
பேருந்து நிறுத்தம் நோக்கி
நிழலே இல்லாத பக்கமாக நடந்தாள்.

மேசைக்கு வந்தேன்.
தாள் கவிழ்ந்து கிடந்தது.

பின்பக்கம் அவளுடைய கணக்கு:
வாடகை, பல் மருத்துவர், ஒரு பெயர்,
அடித்து மீண்டும் எழுதிய அதே பெயர்.
எல்லாவற்றுக்கும் கீழே
இரண்டு முறை கோடிட்டு
ஆயிரத்து நூறு, வெள்ளிக்கிழமை.
அதன் பக்கத்தில்
மீதி என்று எழுதி
ஒரு கேள்விக்குறி.

கை ஈரமாகவே இருந்தது.
துடைக்கத் துணி தேடினேன்.